மூணெண்ணி

கூரியர்க்காரர் நீட்டிய சீட்டில் மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை இன்னும் தூக்கவில்லை. அதற்குள் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து மை ஒற்றும் தாளை எடுத்து, அந்தக் கையெழுத்தின் மேல் வைத்து அழுத்திவிட்டார். உதடு அசைகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தாளைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேராக மேலே தூக்குகிறார்.

"சார், இது பால்பாயிண்ட் பேனா," என்கிறார் கூரியர்க்காரர்.

"இருக்கட்டும். கையெழுத்துன்னா கையெழுத்துதான்."

மனைவி கண்ணால் ஜாடை காட்டுகிறார். விட்டுவிடுங்கள், பேச்சுக் கொடுத்தால் மதியம் ஆகிவிடும் என்று அர்த்தம். கூரியர்க்காரர் புரிந்துகொண்டு படியிறங்குகிறார்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முகத்தை அல்ல, கையை. பத்திரிகையின் முதல் பக்கத்தில் இரண்டு வெளியுறவு அமைச்சர்கள் நீண்ட மேசையில் அமர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் படம் வருமல்லவா? அதில் ஓர் அமைச்சரின் தோளுக்கு இடப்புறமிருந்து ஒரு கறுப்புக் கோட்டுக் கை நீண்டு, எந்த இடத்தில் கையெழுத்து என்று விரலால் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை இவருடையது. இருபத்தாறு வருடங்களாக அமைச்சர்கள் மாறியிருக்கிறார்கள், ஆட்சிகள் கவிழ்ந்திருக்கின்றன, ஒரு முறை கொடியே மாறிற்று. கை மட்டும் மாறவில்லை.

அமைச்சகத்தில் அவருக்குப் பெயர் மூணெண்ணி. காவலாளியிலிருந்து அமைச்சர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. "ரெண்டுல எடுத்தா மை ஈஷிக்கும். நாலு வரைக்கும் வெச்சிருந்தா எதிர்க்கட்சிக்காரன் சந்தேகப்படுவான், இவன் என்னத்த மறைக்கிறான்னு. மூணுதான் கணக்கு," என்பார். எதிர்க்கட்சி என்று அவர் சொல்வது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டை. அந்தப் பக்கத்திலும் இவரைப் போலவே ஒருவர் நிற்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒற்ற வேண்டும், ஒரே நேரத்தில் தாளைத் தூக்க வேண்டும். அண்டை நாட்டுக்காக மை ஒற்றுபவர் ஒரு நெட்டையர். பதினோரு முறை எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டது இல்லை, ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. கண்ணாலேயே எண்ணிக்கொள்வார்கள்.

கையெழுத்துப் போடும் லட்சணத்தை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார். "பேனாவத் திறந்ததும் சர்ருனு போடுறான் பாருங்க, அவன் ஒரு வரிகூடப் படிக்கல. ரெண்டு தரம் உதறிட்டுப் போடுறவன் மீறப்போறான். போட்டு முடிச்சிட்டு கேமராவப் பாத்துச் சிரிக்கிறவன் இருக்கானே, அவன் ஏற்கெனவே மீறிட்டான்." இது வரை நூற்றுப் பதினொரு ஒப்பந்தங்களுக்கு ஒற்றியிருக்கிறார். மீன்பிடி, ஆகாய வழி, ஏவுகணைக் குறைப்பு, போர்க் கைதிகள், என்றைக்கும் இனிச் சண்டையில்லை என்று இரண்டு தடவை. அவற்றில் இன்று உயிரோடிருப்பவை பதினான்கு என்கிறார். செத்தவற்றின் தேதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஒற்றிய தாள்களை அவர் வைத்துக்கொள்ளக் கூடாது. அவற்றில் கையெழுத்து இடவலம் மாறிப் பதிந்திருக்கும், கள்ளக் கையெழுத்துக்கு உதவும் என்பதால் அன்றே எரித்துவிட வேண்டும். அமைச்சகத்தின் பின்கட்டில் ஒரு தகர டப்பாவில் அவரே எரிப்பார். எரித்த தாளின் சாம்பலைக் குச்சியால் கிளறிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தப்பு செய்தார். ஒப்பந்தம் என்றால் எப்போதும் இரண்டு பிரதி. நம் பிரதியில் நம் நாட்டின் பெயர் முதலில் வரும், நம் கையெழுத்து இடப்பக்கம். அவர்கள் பிரதியில் அவர்கள் பெயர் முதலில். யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை என்று காட்டிக்கொள்ள, நூற்றாண்டுகளாக ராஜதந்திரிகள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி இது. அன்று மீன்பிடி ஒப்பந்தம். பதற்றத்தில் இவர் கோப்புகளை மாற்றி வைத்துவிட்டார். அந்த நாட்டு அமைச்சர் கோப்பைத் திறந்தார், தன் நாட்டின் பெயர் இரண்டாவதாக இருப்பதைப் பார்த்தார், பேனாவை மூடினார், எழுந்தார். சமாதானம் பேசி அவரை மறுபடி நாற்காலியில் உட்காரவைக்க எட்டு மாதமாயிற்று. அந்த எட்டு மாதமும் பத்தொன்பது மீனவர்கள் அந்த நாட்டுச் சிறையில் கிடந்தார்கள். இருவர் திரும்பி வரவில்லை.

"அந்த ரெண்டு பேர் வீட்டுக்கும் போனேன்," என்று ஒரே ஒரு முறை மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மேசையில் ஒரு சொட்டு மை சிந்தவிடவில்லை, ஒரு கோப்பு ஓர் அங்குலம் விலகவிடவில்லை.

பேச்சிலும் அப்படித்தான். "மேசைல பாத்தது மேசையோட," என்பது அவர் கட்சி. அண்டை நாட்டோடு நடந்த போர் நின்ற சேதியை மனைவி பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். "போர நிறுத்தின கை எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சிட்டிருக்கு, எனக்குப் பால்காரன் வந்து சொல்றான்," என்று அந்த அம்மாள் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்தார். இவர் அதற்கும் சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

அந்த வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் அக்காவுக்காக.

அக்கா இவருக்கு ஏழு வயது மூத்தவர். அம்மா போன பிறகு இவருக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சல் கண்டபோது ராத்திரியெல்லாம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருடங்கள் ஆகின்றன. அத்தான் காலமான பிறகு அவருடைய தையல் கடையை நடத்துகிறார். இரண்டு வருடப் போரில் அந்த ஊர் மூன்று தடவை கைமாறி, கடைசியில் நம் வசம் வந்து நின்றது. மூன்று தடவையும் வந்த படைக்கு அக்கா பொத்தான் தைத்துக் கொடுத்தார்.

போர் ஓய்ந்ததும் எல்லைப் பேச்சு ஆரம்பமானது. பேச்சு என்றால் நம் நாடும் அண்டை நாடும் பேசிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். இரண்டு வல்லரசுகள் தொலைவில் எங்கோ உட்கார்ந்து பேசின. இவர் பாஷையில் சொன்னால், நமக்காகப் பெரிய பங்காளியும் அவர்களுக்காகச் சின்ன பங்காளியும். "வீடு நம்முது. சண்டை நம்ம வீட்டுக்குள்ள. பாகப்பிரிவினை பண்றது மட்டும் பங்காளிங்க," என்பார். ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் இதே மண்டபத்தில் எண்பது வருடங்களுக்கு முன்னால், அந்தக் காலத்துப் பங்காளிகள் தடித்த பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்கள். வரைபடத்தில் அந்தப் பென்சிலின் தடிமனுக்குள்ளேயே இரண்டு கிராமங்கள் மாட்டிக்கொண்டு, யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் கிடந்தன. அந்த மேசைதான் இன்றைக்கும். பாலிஷ் மட்டும் புதிது.

இந்த முறை ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லையோர ஊர்களில் நகராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்தார்கள். ஊர் கைமாறினால் நம் பக்கம் வந்துவிட விரும்புகிறவர்கள் அதில் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுத்தவர் வீட்டுக்கு அன்றே முத்திரை வைத்துவிடுவார்கள், திரும்ப அதில் குடியிருக்க முடியாது. பெயர் கொடுக்காதவர் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நிமிடத்தோடு பதிவேடு மூடப்படும்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, நீ ராஜாங்கத்துல இருக்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பேர் குடுக்கவா, வேண்டாமா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"உனக்குத் தெரியாம வேற யாருக்குடா தெரியும்? பொய் சொன்னா உனக்குக் குரல் கம்மும். இப்பக் கம்முது."

மூன்று ஞாயிறு இப்படியே போயிற்று. நான்காவது ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஒப்பந்தத்தின் கடைசி வடிவம் இவர் மேசைக்கு வந்தது. பக்கங்களைத் துளையிட்டு, ரிப்பன் கோத்து, அரக்கு முத்திரை வைப்பது இவர் வேலை. கடைசியில் இணைப்பாக ஒரு வரைபடம். பார்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, ஆனாலும் இருபத்தாறு வருடமாக அவர் பார்த்ததில்லை. அன்று பார்த்தார். கோடு அக்காவின் ஊரைத் தாண்டி, குன்றுகளின் மேலே போயிற்று. ஊர் நம் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்டதும் சொல்லிவிட்டார். "பேர் குடுக்காதக்கா. வீட்டப் பூட்டாத."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை. "அப்படியா! அப்ப சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிடறேன். குண்டுப் புகை படிஞ்சு அடுப்படி மாதிரி கிடக்கு வீடு."

அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார். மனைவி அதைத்தான் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். அவர் குறட்டை விட்டுத் தூங்கிய கடைசி இரவு அது.

புதன்கிழமை அக்கா மறுபடி கூப்பிட்டார். "நான் யார்கிட்டயும் மூச்சு விடலடா. ஆனா சுண்ணாம்பு வாளியப் பாத்துட்டாங்க. தம்பி வெளியுறவுல இருக்கான், அக்கா சுவருக்கு வெள்ளையடிக்கிறாள்னு தெருவே பேசுது. ஏழு குடும்பம் நாளைக்குப் பேர் குடுக்கறதா இருந்தாங்க, வேண்டாம்னு விட்டுட்டாங்க. நல்லதுதானே?"

"நல்லதுதான்," என்றார் இவர்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு மண்டபத்துக்குப் போனார். கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே சட்ட ஆலோசகர் முத்திரையை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரம் காயாத இரண்டு வரைபடங்கள். "இணைப்பு மாறியிருக்கு. பழசை எடுத்துட்டு இதக் கோத்துடுங்க." எங்கோ தூரத்துக் கடலில் ஒரு துறைமுகம் பெரிய பங்காளிக்குக் கிடைத்துவிட்டதாம். அதற்குப் பதிலாகக் குன்றுகளை விட்டுக்கொடுத்துவிட்டார். புதுக் கோடு ஆற்றின் நடுவே ஓடியது. அக்காவின் ஊர் அந்தப் பக்கம்.

இவர் புரோட்டோகால் அதிகாரியிடம் போனார். கண்டிப்பான அம்மாள், ஆனால் இவர் மேல் மரியாதை உள்ளவர்.

"மேடம், ரெண்டே நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

"முத்திரை உடைச்சாச்சே. உடைச்சப்புறம் கையெழுத்து ஆகிற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாதா என்ன. பல வருடம் முன்பு ஒரு சேதி கசிந்தபோது, அந்த விதியை எழுதிக் கொடுத்ததே இவர்தான்.

பதினொரு மணிக்குக் கையெழுத்து. பத்து ஐம்பதுக்குப் பேனாக்களில் மை நிரப்பினார். மைப்புட்டி கையில் இருந்தது, மூடி திறந்திருந்தது. கீழே இரண்டு கோப்புகள், கையெழுத்துப் பக்கம் விரித்தபடி. மாற்றுப் பிரதி கிடையாது, வரைபடமே இரண்டுதான் அச்சாகியிருந்தது. அச்சு இயந்திரம் வேறு கட்டடத்தில். மை கொட்டினால் எல்லாம் புதிதாக அடித்து, சரிபார்த்து, கோத்து எடுக்க இரண்டரை மணி நேரம். கையெழுத்து தள்ளிப்போனால் கதவைத் திறந்தே ஆக வேண்டும். கதவைத் திறந்தால் தொலைபேசி. அக்கா வீட்டிலிருந்து நகராட்சி அலுவலகம் பத்து நிமிட நடை. ஏழு குடும்பங்களும் அதே தெரு.

இதையெல்லாம் அவர் ஒரு கணத்தில் கணக்குப் போட்டார். மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். மீனவர்கள் இரண்டு பேரின் வீட்டு வாசல் ஞாபகம் வந்ததா, இருபத்தாறு வருடப் பழக்கம் பிடித்துக்கொண்டதா, வெறும் பயம்தானா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. கேமராக்கள் உள்ளே வந்தன. அமைச்சர் வந்து உட்கார்ந்தார்.

"என்ன மூணெண்ணி, மை இருக்கா?"

"இருக்குங்கய்யா."

புட்டியை மூடினார். எந்த இடத்தில் கையெழுத்து என்று விரலால் காட்டினார். எதிரே நெட்டையர் கண்ணால் கேட்டார், இவர் கண்ணால் சரி என்றார். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு தாள்களும் ஒன்றாக மேலே எழுந்தன. ஒரு சொட்டு ஈஷவில்லை. கை அவ்வளவு சுத்தம்.

அன்று மாலையே அக்கா கூப்பிட்டார். "தம்பி, ரேடியோல வேற மாதிரி சொல்றானே?"

இவர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"சரி விடு. மேலிடத்துல மாத்திட்டாங்கன்னா நீ என்னடா பண்ணுவ? உன் கையில என்ன இருக்கு?" என்றார் அக்கா. பிறகு, "சுண்ணாம்பு நல்லா வந்திருக்குடா. வீடே வெளிச்சமாயிடுச்சு," என்றார்.

இரண்டு நாளில் தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டார்கள். மூன்றாம் நாடு வழியாகச் சுற்றி வந்த ஒரே ஒரு கடிதத்தில், தெருவில் ஆண்களையெல்லாம் லாரியில் ஏற்றிப் போனதாகவும், கேட்டால் பதில் இல்லை என்றும், தையல் இயந்திரம் இன்னும் இருப்பதாகவும் அக்கா எழுதியிருந்தார். இவரைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் இவரைக் கொல்கிறது. தன் கையில் என்ன இருந்தது என்பதை அக்காவிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்ல மூன்று மாதம் பிடித்தது.

ஒரு வியாழக்கிழமை, எல்லை தாண்டிப் போய்ப் பார்ப்பதற்கு அனுமதி கேட்டு, அதற்கான அலுவலகத்துக்குப் போனார். மனைவியும் கூடப் போனார். நீண்ட கூடம், மர பெஞ்சு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. படிவம் இரண்டு பிரதி. ஒன்றில் நம் நாட்டின் பெயர் முதலில், மற்றதில் அவர்களுடையது. இவர் பழக்க தோஷத்தில் அதைச் சரிபார்த்தார், சரியாக இருந்தது. கீழே, அச்சடித்த உறுதிமொழி: 'மேற்படி உறவினர் தம் சொந்த விருப்பத்தின்பேரிலேயே பதிவேட்டில் பெயர் கொடுக்காமல் இருந்தார் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

அதை இரண்டு முறை படித்தார்.

"இங்க ஒரு கையெழுத்து," என்று குமாஸ்தா கண்ணாடிக்கு அடியில் கையை நீட்டி விரலால் காட்டினார். இவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

சொந்தப் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். மை பளபளவென்று நின்றது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஒற்றுத்தாளைத் தொட்டது. தொட்டுவிட்டு, வெறுமனே திரும்பி வந்தது. கட்டைவிரலை ஈரக் கையெழுத்தின் மேல் வைத்து, உறுதிமொழியின் வரிகள் வரை ஒரே இழுப்பாக இழுத்தார்.

"ஐயோ, என்ன சார் பண்றீங்க!" குமாஸ்தா எழுந்தே விட்டார். "இனி புதுசா அடிச்சு, மேல அனுப்பி, சீல் வாங்கி வரணும். ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்," என்றார்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மனைவி கைக்குட்டையை நீட்டினார், வாங்கிக்கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரைக்கு அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். புதுத் தாள், அதே வரிகள், அதே இடத்தில் குமாஸ்தாவின் விரல். கையெழுத்துப் போட்டார். மறுபடியும் கட்டைவிரலை வைத்து இழுத்தார்.